குழாய் எத்தனை, நிமிடம் எத்தனை: புதிய கலை ஆசிரியருக்கு ஓர் ஆண்டுத் திட்டம்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் புதிதாகக் கலைப் பாடம் எடுக்க வருகிறவர்கள் ஆண்டுத் திட்டத்தைப் பெரும்பாலும் தலைப்புகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு ஒன்று, தேசிய தினத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, நடுவே வான்கோ பாணியில் சுழலும் வானம் ஒன்று. தாளில் பார்க்க அழகாக இருக்கும். மார்ச் விடுமுறை வருவதற்குள் பாதி வேலைகள் அரைகுறையாக அலமாரியில் அடைந்து கிடக்கும். பிள்ளைகள் மெதுவாகச் செய்ததால் வந்த வினை இல்லை இது. திட்டம் போட்டவர் குழாயையும் கடிகாரத்தையும் காயவைக்கும் தட்டுகளையும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே முதல் வேலை, பாடத்திட்ட ஆவணத்தைத் திறப்பதற்கு முன்பே கலை அறையை ஒரு சுற்று சுற்றி வருவது. குழாய் எத்தனை? ஓவியம் காயவைக்கும் ரேக்கில் தட்டு எத்தனை, ஒரு தட்டில் ஏ3 தாள் ஒன்று பிடிக்குமா, இரண்டா? தாளைத் திரையில் பெரிதாகக் காட்டும் விஷுவலைசர் வேலை செய்கிறதா? கத்தரிக்கோல் 40 இருக்கிறதா, அதில் இடக்கைப் பிள்ளைகளுக்கென்று குறைந்தது நான்கு உண்டா? பூட்டுப் போடும் அலமாரி எது? வகுப்பறையிலிருந்து நடந்து வர எத்தனை நிமிடம் ஆகும்? கலை அறை கிடைக்காமல் சொந்த வகுப்பறையிலேயே பாடம் என்றால் கேள்விகள் இன்னும் கூடும். தண்ணீர் எங்கிருந்து வரும், அடுத்த பாடத்துக்கு வரும் ஆசிரியர் அந்த 40 ஈரத் தாள்களுக்கு நடுவே எப்படி வகுப்பெடுப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கூடவே, போன ஆண்டின் திட்டத்தை ஹெச்ஓடியிடம் (துறைத் தலைவரிடம்) கேட்டு வாங்குங்கள். எது நன்றாக வந்தது என்று கேட்டால் எல்லாமே நன்றாக வந்ததாகத்தான் சொல்வார்கள். எது முடியாமல் போனது என்று கேளுங்கள். திட்டம் போட அந்தப் பதில்தான் கைகொடுக்கும்.

கல்வி அமைச்சின் பாடத்திட்டம் பிள்ளைகள் எதைப் பார்க்கவும் செய்யவும் பேசவும் கற்க வேண்டும் என்று சொல்கிறது. எந்த வாரம், எந்தத் தாளில், எந்த வண்ணத்தில் என்பது பள்ளிக்கும் உங்களுக்கும் விடப்பட்டது. தேசியக் கல்விக் கழகத்தில் எழுதிப் பழகிய பாடக்குறிப்பு ஒரு வகுப்புக்கானது. இங்கே தேவைப்படுவது ஓர் ஆண்டு முழுவதற்கும், அதுவும் ஆறேழு வகுப்புகள் ஒரே அறையில் மாறி மாறி வரும்போது தாக்குப்பிடிக்கக்கூடிய திட்டம்.

நிமிடக் கணக்கு

நான்கு தவணை, தவணைக்கு 10 வாரம், வாரம் ஒரு மணி நேரம். ஆக 40 வகுப்பு. இந்த 40ஐ நம்பித் திட்டம் போட்டால் கெட்டது கதை. ஜனவரி முதல் வாரம் அறிமுகத்திலும் இருக்கை மாற்றத்திலும் போய்விடும். சீனப் புத்தாண்டுக்கு முந்திய நாள் கொண்டாட்டம். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வாய்மொழித் தேர்வு, விடைத்தாள் திருத்தும் நாள்கள் என்று கீழ்வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாள்கள் வேறு. ஆண்டிறுதித் தேர்வு நெருங்கும்போது, “இந்த வாரம் மட்டும் உங்கள் பாடவேளையைத் தர முடியுமா சார்?” என்று ஒருவர் வந்து நிற்பார். அவருக்கும் வேறு வழி இருக்காது. தொடக்கநிலை 4க்கு 30 வகுப்பு கையில் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது.

அதிலும் எந்தக் கிழமை என்பது முக்கியம். பெரிய வெள்ளி, ஆசிரியர் தினம், சிறுவர் தினம் மூன்றும் வெள்ளிக்கிழமையில்தான் வரும். இளையர் தின விடுமுறையும், ஞாயிறன்று விழும் பொது விடுமுறைகளுக்கான மாற்று நாளும் திங்களில் வரும். 4ஏ வகுப்புக்குப் புதன்கிழமையும் 4டி வகுப்புக்கு வெள்ளிக்கிழமையும் பாடம் என்றால், ஆண்டு முடிவில் 4டி மூன்று நான்கு வகுப்புகள் பின்தங்கியிருக்கும். அட்டவணை கைக்கு வந்த அன்றே ஒவ்வொரு வகுப்புக்கும் உண்மையான தேதிகளைத் தனித்தனியே எழுதிவிடுங்கள். எல்லோரையும் விடக் குறைந்த எண்ணிக்கை உள்ள வகுப்பு எதுவோ, அதற்குத்தான் திட்டம். மற்ற வகுப்புகளுக்கு மிஞ்சும் நேரத்தில் இரண்டாவது அச்சு எடுக்கலாம், ஸ்கெட்ச் புத்தகத்தில் கூடுதல் வேலை தரலாம்.

இனி அந்த ஒரு மணி நேரத்துக்குள் போவோம். வந்து உட்கார 5 நிமிடம், செய்து காட்ட 8 முதல் 10 நிமிடம், சுத்தம் செய்ய 12 நிமிடம். பிள்ளை கையில் பென்சிலோ தூரிகையோ உண்மையில் ஓடும் நேரம் சுமார் 33 நிமிடம். அப்படி 30 வகுப்பு என்றால் 990 நிமிடம். ஓர் ஆண்டின் மொத்தக் கைவேலைக்கும் 17 மணி நேரம்கூடத் தேறாது. இந்த எண்ணை எழுதி மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். எட்டு வேலை, பத்து வேலை என்று ஆசைப்படும்போது அது தடுக்கும். நான்கு பெரிய வேலை, இரண்டு சிறிய பயிற்சி. எங்கள் கட்சி அதுதான்.

ஒவ்வொரு வேலையையும் மாணவர் பயன்படுத்தப்போகும் அதே தாளில், அதே மலிவுத் தூரிகையால் நீங்கள் முதலில் செய்து பாருங்கள். உங்கள் சொந்த வாட்டர்கலர் பெட்டியில் செய்து பார்த்தது கணக்கில் சேராது. உங்களுக்கு ஆன நேரத்தை மூன்றால் பெருக்கினால் தொடக்கநிலை 4 பிள்ளையின் நேரம் கிடைக்கும். செய்து காட்டும்போது மூன்று படிகளுக்கு மேல் போகக் கூடாது. நான்காவது படியைக் காட்டும்போது முதல் படி மறந்துபோயிருக்கும். ஆகவே இரண்டு படி காட்டி, பத்து நிமிடம் வேலை செய்யவிட்டு, மறுபடி நிறுத்தி அடுத்த படியைக் காட்டுங்கள்.

எதை எப்போது வைப்பது

2023 முதல் எல்லா நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வு இல்லை. அதனால் இரண்டாம் தவணைதான் கலைப் பாடத்துக்கு ஆண்டிலேயே சிறந்த காலம். பெரிய வண்ண வேலையை அங்கே வையுங்கள். முதல் தவணைக்கு உலர்ந்த வேலையே உகந்தது. பென்சில், மார்க்கர், தாள் போதும். இதற்கு இரண்டு காரணம். நீங்கள் ஜனவரியில் புதிதாகச் சேர்ந்திருந்தால், கேட்ட பொருள் கைக்கு வந்து சேரச் சில வாரம் ஆகும். அலமாரியில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். இன்னொன்று, வகுப்பின் ஒழுங்கு இன்னும் படியாத நேரத்தில் 40 பேர் கையில் தண்ணீர் டப்பா கொடுப்பது வீண் வம்பு. களிமண்ணும் காகிதக்கூழும் மூன்றாம் தவணைக்குப் போகட்டும். ஜனவரி மழைக்காலத்தைவிட ஜூலையில் பொருள்கள் சீக்கிரம் காயும். நான்காம் தவணையில் ஐந்தாறு வகுப்புதான் நிச்சயம் கிடைக்கும். ஒரே மூச்சில் முடிகிற அச்சு வேலை அல்லது கோப்பு தொகுத்தல் போதும்.

நான்கும் நான்கு தனி விஷயமாக இருந்தால் பலன் குறைவு. முதல் தவணையில் கற்ற கோடு இரண்டாம் தவணை ஓவியத்தில் திரும்ப வர வேண்டும், அதே வடிவம் மூன்றாம் தவணைக் களிமண் பலகையில் பதிய வேண்டும், நான்காம் தவணையில் அச்சாக வேண்டும். வடிவம் ஏற்கெனவே கையில் இருப்பதால், புதிய பொருளைப் பழகுவதற்கே நேரம் முழுவதும் கிடைக்கும். “என்ன வரையட்டும் டீச்சர்?” என்ற கேள்வியில் பத்து நிமிடம் கரையாது.

கோட்டைத் தொடங்குவதற்குப் புள்ளிக்கோலம் அருமையான வழி. தமிழ் ஆசிரியர் என்றாலே இன நல்லிணக்க நாளுக்கும் தீபாவளிக்கும் பள்ளி வாசலில் ரங்கோலி போடும் பொறுப்பு தானாக வந்து தலையில் விழும். அதைச் சொல்லவில்லை. எல்லா இனப் பிள்ளைகளும் உட்கார்ந்து அளந்து வரையக்கூடிய கோட்டுப் பயிற்சியாகச் சொல்கிறோம். ஏ3 தாளைக் குறுக்காக வையுங்கள். 7 புள்ளி, 4 வரை இடைப்புள்ளி. நடு வரிசையில் 7 புள்ளி, புள்ளிக்குப் புள்ளி 4 செ.மீ. அதற்கு மேலே 3.5 செ.மீ. தள்ளி, இடைவெளிகளுக்கு நேராக 6 புள்ளி, பிறகு 5, பிறகு 4. கீழேயும் அப்படியே. மொத்தம் 37 புள்ளி. நடு வரிசையிலிருந்து தொடங்கச் சொல்வது கட்டாயம். மேலிருந்து 4, 5, 6 என்று வைத்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு நடு வரிசை வரும்போது வரிசை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். 3.5 என்பதை 4 ஆக்கிவிட்டாலும் கோலம் நெட்டுவாக்கில் இழுத்துக்கொள்ளும். சமபக்க முக்கோணம் குலைந்துவிடுவதுதான் காரணம்.

புள்ளி வைக்க ஒரு வகுப்பு, புள்ளிகளை இணைத்து வடிவம் காண ஒரு வகுப்பு, கோட்டின் தடிப்பை மாற்றிப் பார்க்க ஒரு வகுப்பு. சிக்குக் கோலம் சொல்லித் தருவதானால் 2, 3, 2 என்று ஏழே புள்ளியில் தொடங்குங்கள். முதலில் விரலால் மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகே பென்சில். புள்ளியைச் சுற்றி வளையும் இடத்தில் பிள்ளைகள் கோட்டைப் புள்ளியோடு ஒட்டிவிடுவார்கள். புள்ளியைச் சுற்றி ஒரு சுண்டுவிரல் அகலமாவது இடம் விடச் சொன்னால் சிக்கு தெளிவாக விழும்.

இங்கிருந்து ஜூ சியாட் கடைவீடுகளின் பெரனாக்கான் ஓடுகளுக்குப் போவது இயல்பான அடுத்த படி. ஒரு சதுர ஓட்டை வரைந்து நான்காகத் திருப்பி அடுக்கினால் என்ன ஆகிறது என்பதைப் பிள்ளைகள் கோலத்தில் ஏற்கெனவே உணர்ந்திருப்பார்கள். தோ பாயோ டிராகன் விளையாட்டுத்திடலையும் சேர்த்துக்கொள்ளலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கோர் இயன் கீ வடிவமைத்தது, 1979இல் கட்டியது. சிறு சிறு ஓட்டுத் துண்டுகள் சேர்ந்து டிராகனின் உடலாவதைக் காட்ட அதைவிட நல்ல உதாரணம் தீவில் கிடைப்பது அரிது.

ஒரு சோதனை சொல்கிறோம். வேலைகளை வரிசையாகச் சுவரில் மாட்டி, பெயரை மறைத்துவிட்டுப் பாருங்கள். எது யாருடையது என்று சொல்ல முடியாமல் நாற்பதும் ஒரே அச்சாக இருந்தால், அது ஆசிரியர் செய்த வேலையை நாற்பது பேர் நகலெடுத்தது. பின்ட்ரெஸ்டிலிருந்து அப்படியே இறக்கிய பாடங்களில் இது அடிக்கடி நடக்கும். பொருளையும் அளவையும் நீங்கள் நிர்ணயித்துவிட்டு, வடிவத்தையும் வண்ணத்தையும் அவர்களிடம் விடுங்கள். உயர்நிலையில் இது இன்னும் அவசியம். 2024 முதல் உயர்நிலை 1இல் கலைப் பாடத்தைப் பல்வேறு தரநிலைப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்ந்து படிக்கிறார்கள். ஒரே பணி, எளிதான தொடக்கம், மேலே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போக இடம் என்று இருந்தால்தான் அந்த வகுப்பு ஓடும்.

வண்ணம்: அளவும் கோளாறும்

போஸ்டர் கலர் கணக்கு எளிது. ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்பில் ஒரு நிறம் 5 மி.லி. போதும், அதாவது ஒரு டீஸ்பூன். 40 பேருக்கு 200 மி.லி. வண்ணம் தீட்டும் பாடவேளை மூன்று என்றால் 600 மி.லி. ஆறு வகுப்புகளுக்கு 3.6 லிட்டர், அதாவது 500 மி.லி. புட்டி எட்டு. வெள்ளையை இதைப் போல இரு மடங்கு வாங்க வேண்டும். மஞ்சள் ஒன்றரை மடங்கு, கறுப்பு பாதிகூட வேண்டாம். புதியவர்கள் எல்லா நிறத்திலும் சம அளவு வாங்கி, மே மாதம் வெள்ளை தீர்ந்து தவிப்பது வழக்கம். வண்ணத்தைப் பிள்ளைகள் கையில் விடாமல் நீங்களோ கண்காணிப்பு மாணவரோ பம்ப் மூடியால் ஊற்றினால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்பது எவ்வளவு வாங்குகிறோம் என்பதைவிடப் பெரிய விஷயம். பள்ளி அலமாரிகளில் வழக்கமாக இருப்பது வெர்மிலியன் சிவப்பும் அல்ட்ராமரின் நீலமும். இரண்டையும் கலந்தால் ஊதா வரும் என்று புத்தகம் சொல்கிறது. தட்டில் வருவதோ சேற்றுப் பழுப்பு. வெர்மிலியனுக்குள் மஞ்சள் சாயல் இருக்கிறது. நீலத்தோடு சேரும்போது மூன்று முதல் நிறங்களும் ஒன்றாகிவிடுகின்றன. மெஜந்தா ஒரு புட்டி கூடுதலாக வாங்குங்கள், ஊதா பளிச்சென்று வரும். பச்சையிலும் இதே கதைதான். லெமன் மஞ்சளோடு அல்ட்ராமரின் சேர்ந்தால் மங்கிய இலைப்பச்சை, டர்க்காய்ஸ் சாயல் நீலம் சேர்ந்தால் துளிர்ப்பச்சை. தவறிக் கிடைத்த பழுப்பைக் குப்பையில் கொட்டாமல், அதே வகுப்பில் மூன்று பழுப்பு நிறங்களை வேண்டுமென்றே உண்டாக்கச் சொல்லிப் பாருங்கள். மரம், தோல், செங்கல் எல்லாவற்றுக்கும் அந்தப் பழுப்பு பிறகு தேவைப்படும்.

கலக்கும் வரிசையும் உண்டு. வெளிர் நிறத்தை முதலில் எடுத்து, அடர்ந்ததைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளைச் சேர்த்துப் பச்சையாக்க முயலும் பிள்ளை அரைப் புட்டி மஞ்சளைத் தின்றுவிடும்.

தாள் 135 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 135 கிராம்) என்றால் பென்சிலுக்கும் மார்க்கருக்கும் தாராளம்; போஸ்டர் கலருக்குத் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் நிறைய ஓடும் வாட்டர்கலருக்கு 200க்குக் கீழே போகாதீர்கள். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மெல்லிய தாள் நனைந்ததும் அலையலையாக மடங்கி, பள்ளங்களில் வண்ணம் தேங்கிக் கறையாகும். ஆளுக்கு இரண்டு தாள், அதோடு நூற்றுக்குப் பத்து உபரி. தாள் கைக்கு வந்ததும் பின்பக்கம் பெயர், வகுப்பு, வரிசை எண் எழுதிய பிறகே மற்றதெல்லாம். காயவைக்கும்போது வரிசை எண் ஏறுவரிசையில் அடுக்கினால் அடுத்த வாரம் விநியோகிக்க இரண்டு நிமிடம். இல்லையென்றால் பத்து நிமிடம்.

தண்ணீர் டப்பா நான்கு பேருக்கு ஒன்று, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. தூரிகையைத் தண்ணீருக்குள் தலைகீழாக நிறுத்திவைத்தால் ஒரே வாரத்தில் முடி வளைந்துவிடும். கழுவிய தூரிகையை ஈரத்தோடு முடி மேலே இருக்கும்படி நிறுத்தினாலும் கெடுதல்தான். தண்ணீர் இறங்கி உலோக வளையத்துக்குள் போய்ப் பசை விட்டுவிடும். படுக்கவைத்துக் காயவையுங்கள். அக்ரிலிக்கைத் தொடக்கநிலைக்குத் தவிர்ப்பது நல்லது. சீருடையில் காய்ந்தால் போகாது, தூரிகையில் காய்ந்தால் தூரிகை குப்பைக்குத்தான்.

சுத்தம் செய்யும் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இரண்டு குழாய், 40 பேர், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் 20 நிமிடம் வரிசையிலேயே போகும். நாற்பது பேரையும் குழாய்க்கு அனுப்பவே கூடாது. மேசைக்கு ஒருவர் தூரிகைகளைச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு வரட்டும், இன்னொருவர் வண்ணத் தட்டுகளை ஈரத் துணியால் துடைத்து அடுக்கட்டும். கழுவுவது கண்காணிப்பு மாணவர் நால்வரின் வேலை, மாதம் ஒருமுறை ஆள் மாற்றம்.

ஒரே நிலையின் ஆறு வகுப்பும் ஒரே வாரத்தில் வண்ணம் தீட்டினால் ரேக் தாங்காது. 50 தட்டு ரேக்கில் தட்டுக்கு இரண்டு ஏ3 வீதம் 100 தாள், அதாவது இரண்டரை வகுப்பு. மூன்று வகுப்பு ஈர வேலை செய்யும்போது மற்ற மூன்றும் உலர்ந்த வேலை செய்யட்டும், ஐந்தாறு வாரம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். ஈர வேலை வகுப்புகளும் ஒரே நாளில் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் திட்டத்தில் நீங்கள் செய்யும் ஆகப் பயனுள்ள மாற்றம் இதுவாகத்தான் இருக்கும்.

அச்சும் களிமண்ணும்

தொடக்கநிலைக்கு மெல்லிய ஃபோம் தகட்டில் மொட்டைப் பென்சிலால் அழுத்திச் செய்யும் அச்சு, உயர்நிலைக்கு லினோ (லினோலியத் தகட்டை உளியால் செதுக்கி எடுக்கும் அச்சு). இரண்டிலும் நெரிசல் ஏற்படும் இடம் உருளை. உருளை நான்கு, ஒருவர் மை தடவி எடுக்க ஒன்றரை நிமிடம் என்றால், 40 பேருக்கு ஆளுக்கு ஓர் அச்சு எடுக்கவே 15 நிமிடம். மூன்று அச்சுக்கு 45 நிமிடம் ஆகும், உங்களிடம் இருப்பதோ 33. அதனால் வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். 20 பேர் அச்செடுக்க, 20 பேர் தகடு செதுக்கவோ அச்சுக்கு எண்ணிடவோ செய்யட்டும். மூன்று அச்சும் 23 நிமிடத்தில் முடியும்.

மை அளவு காதில் தெரியும். உருளை ஓடும்போது மெல்லிய சீறல் சத்தம் கேட்டால் சரி. சளசளவென்று ஒட்டும் சத்தம் என்றால் மை அதிகம், கோடுகள் அடைபட்டுப்போகும். மைக்குப் பதிலாகப் போஸ்டர் கலரைப் பயன்படுத்தினால் ஃபோமில் வழுக்கித் திட்டுத்திட்டாக விழும். அச்செடுக்கும் இடத்துக்கு மேலே உள்ள மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் கலந்த மை பலகையிலேயே காய்ந்துவிடுவது அதனால்தான். எழுத்து வைத்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி விழும் என்பதை ஒருமுறை சொன்னால் போதாது; இரண்டு பேராவது மறப்பார்கள். லினோ செதுக்கும்போது, தகடு நகராமல் மேசை விளிம்பில் பிடித்துவைக்கும் பெஞ்ச் ஹுக் பலகை கட்டாயம், பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்.

களிமண் ஆளுக்கு 500 கிராம் வைத்தால் ஒரு வகுப்புக்கு 20 கிலோ. சுவர் தடிப்பு ஒரு செ.மீ. தாண்டக் கூடாது. துண்டுகளை ஒட்டும் இரு பக்கமும் கீறி, நீர்த்த களிமண்ணைப் பூசி அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் தடவி ஒட்டியது காயும்போது கழன்று விழும். சூளை உள்ள பள்ளி என்றால் காய்வதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் விடுங்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. சூளையில் வெடிப்பதற்குக் காற்றுக் குமிழியைக் குற்றம் சொல்வார்கள். மண்ணுக்குள் மிஞ்சிய தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டும்போது நீராவியாகி வெளியேற வழியின்றி உடைப்பதுதான் உண்மையான காரணம். களிமண் கையைக் குழாயில் நேரடியாகக் கழுவவிடாதீர்கள், முதல் கழுவல் வாளியில்தான். சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டால் பராமரிப்பு ஊழியர் உங்களை மறக்கவே மாட்டார்.

காகிதக்கூழுக்கு மைதாப் பசை வேண்டாம். இந்த ஈரக் காற்றில் நான்கைந்து நாளில் பூஞ்சை பிடித்து நாறும். வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிபாதி, ஒரு நாளைக்கு மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். வண்ணம் சேர்த்த அரிசி, பருப்பு வைத்துக் கோலம் போட்டு ஒட்டுவதும் அப்படித்தான். மறுநாளே எறும்பு வரிசை கட்டும், உணவை வீணாக்குவதாகப் பெற்றோர் வருத்தப்படவும் கூடும். வண்ண மணல் போதும்.

கலைக்கூடம்

தொடக்கநிலை 4க்கு அருங்காட்சியகக் கற்றல் பாடத்திட்டத்தோடு சேர்ந்து வருகிறது. பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் இணைந்து 2015இல் திறந்த தேசியக் கலைக்கூடத்துக்குப் போவதென்றால், பேருந்து, கழிப்பறை, பை வைக்கும் வரிசை எல்லாம் போக 75 நிமிடம்தான் கையில் நிற்கும். மூன்று படைப்பு போதும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்தல், ஐந்து நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் பென்சில் வரைவு. பேனா வேண்டாம். பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் அனுமதி கேட்பதை இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

சுவா மியா டீயின் 1959ஆம் ஆண்டு ஓவியமான ‘தேசிய மொழி வகுப்பு’ பிள்ளைகளைச் சட்டென்று பேசவைக்கும். ஓவியத்தின் கரும்பலகையில் பெயர் என்ன, வீடு எங்கே என்று மலாயில் எழுதியிருக்கும். வாசித்துவிட்டுத் தாங்களே பதில் சொல்வார்கள். போவதற்கு முந்திய வகுப்பில் ஒரு 50 வெள்ளி நோட்டை விஷுவலைசரில் வையுங்கள். பின்பக்கம் சியோங் சூ பியெங்கின் உப்புமீன் உலர்த்தும் ஓவியமும் சென் வென் ஷியின் குரங்குகளும் இருக்கின்றன; வீணையும் இருக்கிறது. உப்புமீன் ஓவியத்தில் ஆள்களின் கை கால்கள் எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். அங்கிருந்து உடல் விகிதம் பற்றிய பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.

மதிப்பிடல்

எட்டு வகுப்பு எடுத்தால் 320 பிள்ளைகள். தாளுக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும் பத்து மணி நேரத்துக்கு மேல். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு வகுப்பிலும் பத்துப் பேரை மட்டும் பட்டியலோடு சுற்றிப் பாருங்கள், நான்கு வாரத்தில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும். பார்ப்பது மூன்றே விஷயம்: வடிவத்தைத் தானாகத் தேடினாரா, பொருளைக் கட்டுப்பாட்டோடு கையாண்டாரா, ஏன் இப்படிச் செய்தேன் என்று சொல்ல முடிகிறதா. ஐந்தாறு அளவுகோல் வைத்த பட்டியல்கள் இரண்டாம் வாரத்திலேயே கைவிடப்படுகின்றன. உயர்நிலையில் பிள்ளைகளே வேலையைப் படமெடுத்து எஸ்எல்எஸ் என்ற இணையக் கற்றல் தளத்தில் ஏற்றி இரண்டு வரி எழுதட்டும்.

சீக்கிரம் முடிப்பவர்களுக்கு “சும்மா ஏதாவது வரை” என்று சொல்லாதீர்கள். ஸ்கெட்ச் புத்தகத்தில் பத்துப் பணிகள் முன்பே ஒட்டியிருக்கட்டும்: உன் காலணியைத் தாளைப் பார்க்காமல் வரை, ஐந்து வகைப் பச்சை உண்டாக்கு, உன் புளோக்கின் தாழ்வாரக் கம்பி வடிவத்தை நினைவிலிருந்து வரை. வராதவர்களுக்காக ஒவ்வொரு வேலையின் முடிவிலும் ஒரு காலி வகுப்பு விடுங்கள். அந்த வாரமே மற்றவர்கள் இந்தப் பணிகளைச் செய்யலாம். இளையர் விழாக் கண்காட்சிக்கோ தாழ்வாரப் பலகைக்கோ வேலை கேட்டால் நடக்கும் பாடத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். அதற்கென்று தனி வேலை தொடங்கினால் ஒரு மாதம் போய்விடும்.

ஜூன் விடுமுறைக்கும் ஆண்டு முடிவுக்கும் முன்னால் செய்ய வேண்டியவை சில. தண்ணீர் டப்பா, வாளி, வண்ணத் தட்டு அனைத்தையும் துடைத்துக் கவிழ்த்துவைக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு வளரும். பாதி வண்ணப் புட்டியின் வாயைத் துடைத்துவிட்டு மூடுங்கள், இல்லையென்றால் மூடி காய்ந்து இறுகி ஜனவரியில் திறக்காது. முகர்ந்து பார்த்து அழுகல் வாடை வந்தால் அந்தப் புட்டியைத் தூக்கிப் போடுங்கள். மிஞ்சிய களிமண்ணை ஈரத் துணியில் சுற்றி, இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே தேதி எழுதுங்கள். பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி: என்ன வாங்கினோம், எவ்வளவு மிஞ்சியது, எது எந்த மாதம் தீர்ந்தது. அடுத்த ஆண்டின் பொருள் பட்டியலை நவம்பரிலேயே அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் ஜனவரி இரண்டாம் வாரத்தில் கையில் தாள் இருக்கும். அந்த மூன்று பத்தித் தாளின் ஒரு நகலை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள், வேறு பள்ளிக்கு மாற்றல் வந்தால் அடுத்து வருபவருக்கும் அது வேண்டியிருக்கும்.